தொண்ணூறு மில்லி தண்ணீர்

சனிக்கிழமை மாலை வரை எஞ்சினில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் மூன்று மணி நேரம் ஓடிவிட்டு, படகைத் துறையில் கட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம். ஞாயிறு காலை நண்பர் சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் மோட்டார் எதிலோ முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பேட்டரி இறங்கியிருக்கும் என்று இன்னொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துப் பார்த்தோம். மறுபடியும் அதே ‘டக்’.

“நேற்று வடிவா ஓடினது மச்சான். ஒரு இரவுக்குள்ள என்ன நடந்தது?” என்றார் நண்பர்.

மூன்றாவது தடவை அவர் சாவியில் கை வைத்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய தகப்பனார் தடுத்தார். மயிலிட்டியில் பல வருடம் கடலுக்குப் போனவர், டீசல் எஞ்சின்களோடு மல்லுக்கட்டியவர். “உள்ளுக்குத் தண்ணி நிக்குது. இனித் திருப்பாதை” என்றார்.

ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினோம். ஐந்து காய்ந்திருந்தன. இடது வரிசையின் கடைசிப் பிளக்கின் முனையில் மட்டும் பழுப்புத் தண்ணீர் சொட்டியது. இக்னிஷன் வயரைப் பிடுங்கிவிட்டு, பிளக்குகள் இல்லாமலே எஞ்சினைச் சுற்ற வைத்தோம். அந்த ஒரு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து எஞ்சின் அறையின் மூடியில் அடித்தது. எல்லாம் சேர்த்து ஒரு தேநீர்க் குவளை நிறையாது. அந்த அளவு தண்ணீர்தான் 190 குதிரைச் சக்தி எஞ்சினைக் கட்டிப்போட்டிருந்தது.

கணக்குப் போட்டால் இது புரியும். அது 4.3 லிட்டர் கொள்ளளவுள்ள வி-6 எஞ்சின். ஆறால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 717 மில்லி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது உள்ளே இருப்பதெல்லாம் சுமார் ஒன்பதில் ஒரு பங்காக நெருக்கப்படும். அப்போது பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் ஏறத்தாழ 90 மில்லி. காற்றும் பெட்ரோல் ஆவியும் அந்த இடத்துக்குள் நசுங்கி அடங்கிவிடும். தண்ணீர் நசுங்காது. 90 மில்லிக்கு மேல் தண்ணீர் இருந்து, வால்வுகள் இரண்டும் மூடியிருந்தால் பிஸ்டன் மேலே வர வழியே இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரின் வலு குறைவு என்பதால் ‘டக்’ என்று நின்றதோடு போயிற்று. இதே தண்ணீர் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது புகுந்திருந்தால், சுழலும் வேகத்தின் பலம் முழுவதும் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் மேல் இறங்கி அதை வளைத்திருக்கும். சில சமயம் அந்த ராட் முறிந்து பிளாக்கின் சுவரையே பெயர்த்துக்கொண்டு வெளியே வரும்.

இந்தத் தண்ணீர் மழையில் வந்ததல்ல, படகின் அடித்தட்டில் ஓட்டை விழுந்து வந்ததுமல்ல. புகை வெளியே போகும் பாதையில், எதிர்த்திசையில் இறங்கி வந்தது. பெட்ரோல் படகு வைத்திருக்கும் பலர் இந்தப் பாதையைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. எஞ்சின் ஆயிலை மாற்றுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள், மெத்தைக்கு உறை தைப்பார்கள். புகைபோகும் இரும்பை மட்டும் அது உடைகிற நாள்வரை விட்டுவைப்பார்கள்.

எங்கள் படகில் இருந்த ஸ்டெர்ன்டிரைவ் என்பது, எஞ்சினைப் படகுக்குள் வைப்பது, வெளியே தொங்கவிடுவது என்ற இரண்டு முறைகளைச் சேர்த்துக் கட்டிய ஓர் ஏற்பாடு. எஞ்சின் படகுக்குள்ளேயே, பின்சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கும். புரொப்பெல்லரும் அதைச் சுழற்றும் பல்சக்கரங்களும் பின்சுவருக்கு வெளியே ஒரு காலைப்போலத் தொங்கும். அந்தக் கால் இடம் வலமாகத் திரும்பும், ஆகவே தனிச் சுக்கான் தேவையில்லை. ஆழம் குறைந்த இடத்தில் அதை மேலே தூக்கவும் முடியும். ஜிம் வின் என்ற அமெரிக்கப் பொறியாளரின் யோசனையை ஸ்வீடனின் வோல்வோ பென்டா நிறுவனம் எடுத்துக்கொண்டு, 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் ‘அக்வாமேட்டிக்’ என்ற பெயரில் 80 குதிரைச் சக்தி எஞ்சினோடு காட்சிக்கு வைத்தது. வின் முன்பு வேலை பார்த்தது கார்ல் கீக்காஃபரின் மெர்க்குரி நிறுவனத்தில். 1961இல் மெர்க்குரியும் ‘மெர்குரூசர்’ என்று தன்னுடையதைக் கொண்டுவந்தது. அமெரிக்கக் கார்களிலும் லாரிகளிலும் ஓடிய ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்களை வாங்கிப் படகுக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது இத்துறையில் வழக்கமாயிற்று. அதனால் எஞ்சினின் நடுப்பகுதி ஒரு பழைய லாரி எஞ்சின்தான். படகுக்கென்றே புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது அதைச் சுற்றியிருக்கும் பொருள்களை. அவற்றில் மிகக் கடினமான வேலை புகையை வெளியேற்றுவது.

காரில் எஞ்சினிலிருந்து கிளம்பும் புகைக்குழாய் திறந்த காற்றில், தரைக்கு மேலே நீண்டு போகிறது. அது செந்தணலாகக் காய்ந்தாலும் பக்கத்தில் எரியக்கூடியது எதுவும் இல்லை. படகில் எஞ்சின் இருப்பது மூடிய பெட்டிக்குள். சுற்றிலும் ஃபைபர் கிளாஸ், மரம், ரப்பர் குழாய்கள். எங்கிருந்தாவது பெட்ரோல் ஆவி கசிந்தால் அது காற்றைவிடக் கனமானது என்பதால் வெளியேறாமல் அடித்தட்டிலேயே தேங்கும். கனடாவில் இத்தகைய படகை ஸ்டார்ட் செய்வதற்கு முன் நான்கு நிமிடம் காற்றாடி ஓடவிட வேண்டும் என்று விதி இருப்பதும் இதனால்தான். இப்படிப்பட்ட பெட்டிக்குள் 700 டிகிரி சூட்டில் ஓர் இரும்புக்குழாயை வைக்க முடியாது. அமெரிக்கப் படகுத் தர விதிகளின்படி, ஆட்கள் தொடக்கூடிய இடத்தில் புகைப்பாகங்களின் வெளிப்பரப்பு 93 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது.

ஆகவே அந்தக் குழாய்க்குத் தண்ணீரால் சட்டை போட்டார்கள். சிலிண்டர்களின் பக்கவாட்டில் திருகியிருக்கும் கனத்த வார்ப்பிரும்புப் பெட்டிக்கு மேனிஃபோல்ட் என்று பெயர். அதன் நடுவே புகை ஓடும், சுவருக்குள் இருக்கும் வெற்றிடத்தில் ஏரித் தண்ணீர் ஓடும். மேனிஃபோல்டின் மேல் ரைசர் என்று இன்னொரு வார்ப்பு நிற்கும். புகை அதற்குள் மேலே ஏறி, யானைத் துதிக்கைபோல வளைந்து, பின்பக்கமாகக் கீழே இறங்கும். அந்த வளைவைத் தாண்டியதும் சட்டைக்குள் ஓடிய தண்ணீர் முழுவதும் துளைகள் வழியாகப் புகைக்குள் கொட்டும். அங்கிருந்து தண்ணீரும் புகையும் கலந்த சாறு ரப்பர் ஹோஸ் வழியாகப் படகின் பின்சுவரைக் கடந்து, மடிப்பு மடிப்பான ரப்பர் பெல்லோஸ் வழியாக வெளியே தொங்கும் காலுக்குள் புகுந்து, புரொப்பெல்லரின் நடுத்துளை வழியாக ஏரிக்குள் போய்விடும். படகு ஓடும்போது புரொப்பெல்லருக்குப் பின்னால் உண்டாகும் தாழ்வழுத்தமே புகையை உறிஞ்சியும் கொடுக்கும். தண்ணீருக்குள்ளேயே வெளியேறுவதால் சத்தமும் அமுங்கிவிடும்.

எவ்வளவு சூட்டை இந்தத் தண்ணீர் விழுங்குகிறது? நிமிடத்துக்கு 4,400 சுற்று ஓடும்போது நம்முடைய 4.3 லிட்டர் எஞ்சின், சிலிண்டர்கள் முழுதாக நிறைவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 9,460 லிட்டர் காற்றை இழுக்கும். முழுதாக நிறையாது என்று கொஞ்சம் கழித்துக்கொள்வோம். அத்தனையும் சூடான புகையாக வெளியே வரும். அதை 700 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு இறக்க, என் கணக்கில், ஏறத்தாழ 120 கிலோவாட் வெப்பத்தைப் பிடுங்க வேண்டும். தண்ணீர் சுடவைக்கும் மின்சாரக் கெட்டில்கள் 80 ஒரே நேரத்தில் கொதிப்பதற்குச் சமம். புரொப்பெல்லருக்குப் போகும் சக்தியோ சுமார் 140 கிலோவாட். அதற்குக் கொஞ்சமே குறைவான சக்தி புகையோடு போகிறது. அதை அடக்க வினாடிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குளிர்ந்த தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீரைத் தள்ளும் சின்ன ரப்பர் சக்கரமான இம்பெல்லர் பிய்ந்துபோனால், சட்டைக்குள் தண்ணீர் நின்று, ரைசருக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் சில நிமிடங்களில் கருகத் தொடங்குவது இதனால்தான். எஞ்சின் சூடேறியதைக் காட்டும் முள் நகர்வதற்குள் பின்னால் ரப்பர் வெந்துவிடுவதும் உண்டு. அந்த முள் எஞ்சினின் சூட்டைத்தான் பார்க்கிறது, ரைசரின் சூட்டை அல்ல.

ஆக, மேனிஃபோல்டிலும் ரைசரிலும் நெருப்பையும் நீரையும் பிரிப்பது சில மில்லிமீட்டர் வார்ப்பிரும்பு மட்டுமே. இரண்டு வார்ப்புகளும் சேரும் இடத்தில் அதுவும் கிடையாது. பழைய வடிவமைப்பில் ஒரே தட்டையான முகத்தில் நடுவே புகைத்துளை, அதைச் சுற்றித் தண்ணீர்த் துளைகள். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கேஸ்கட்டின் விளிம்பு, சுண்டுவிரல் அகலம்கூட இராது. அந்த விளிம்புக்கு அடியில் இரும்பு அரித்துக் கோடு விழுந்தால், தண்ணீர் அந்தக் கோட்டின் வழியே புகைத்துளைக்குள் இறங்கும். எஞ்சின் ஓடும்போது புகையின் வேகம் அதை வெளியே தள்ளிவிடும், அப்போது ஒன்றும் தெரியாது. எஞ்சினை நிறுத்திய பிறகு ரைசரின் சட்டைக்குள் நிற்கும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மேனிஃபோல்டுக்குள் விழும். அந்த நேரத்தில் எந்தச் சிலிண்டரின் புகை வால்வு திறந்த நிலையில் நிற்கிறதோ, அதற்குள் போய் இரவு முழுவதும் தேங்கும். சனிக்கிழமை நன்றாக ஓடிய எஞ்சின் ஞாயிறு முட்டிக்கொண்டதன் கதை இதுதான். பின்னால் வந்த வடிவமைப்புகளில் தண்ணீருக்குத் தனி வழியும் புகைக்குத் தனி முகமும் வைத்து, கேஸ்கட் கசிந்தாலும் தண்ணீர் வெளிப்பக்கம் சொட்டும்படி செய்திருக்கிறார்கள். உலர் மூட்டு என்று அதைச் சொல்வார்கள். என் பார்வையில், ஸ்டெர்ன்டிரைவில் இந்த 60க்கும் மேற்பட்ட வருடங்களில் வந்த மிக நல்ல திருத்தங்களில் அது ஒன்று.

எங்கள் ரைசரைக் கழற்றியபோது கண்ட காட்சி என் மனதில் நிற்கிறது. வெளியே கறுப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது. உள்ளே தண்ணீர்த் துளைகளில் பாதி, அடுக்கடுக்கான துருச் சில்லுகளால் அடைபட்டிருந்தது. நண்பரின் தகப்பனாரான பெரியவர் தன் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சிறு கத்தியை எடுத்து மூட்டின் முகத்தைச் சுரண்டினார். இரும்பு சுரண்டுபட்டது. மரத்தைச் சீவினால் வருவதுபோலக் கறுத்த தூள் கத்தியோடு வந்தது. விரலில் தேய்த்தால் பென்சில் கரிபோல வழுக்கிற்று. காகிதத்தில் இழுத்தேன், கோடு விழுந்தது.

அது உண்மையிலேயே பென்சில் கரிதான். சாம்பல் வார்ப்பிரும்பில் 2.5 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கிறது. அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக, இரும்புக்கு நடுவே பின்னிக் கிடக்கிறது. உப்புத்தண்ணீர் ஒரு மின்கடத்தி. இரும்பும் கிராஃபைட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் மூழ்கினால் அது ஒரு சின்ன பேட்டரி. அந்த பேட்டரியில் கரைகிற முனை இரும்பு, கரையாத முனை கிராஃபைட். வருடக்கணக்கில் இரும்பு கரைந்து போக, கிராஃபைட் வலையும் துருவும் மட்டும் பழைய வடிவத்திலேயே நிற்கும். தடிமன் குறையாது, மேடு பள்ளம் விழாது, வரிகளும் எழுத்துகளும் அழியாது. கண்ணுக்கு முழு இரும்பு, கத்திக்குக் கரிக்கட்டை. துருவுக்குப் பெயர்போன இரும்பைக்கூட நம்பலாம், அது முகத்திலேயே காட்டிவிடும். இந்த அரிப்பு முகத்தில் காட்டுவதில்லை.

ஆனால் சிம்கோ நன்னீர் ஏரி. நன்னீரில் இந்த வார்ப்புகள் பல பத்தாண்டுகள் தாங்கும். கடலில் ஓடும் படகுகளில் மூன்று வருடத்தில் கழற்றிப் பார்த்துவிட்டு, ஐந்து ஆறு வருடத்தில் மாற்றிவிடுவதுதான் அனுபவமுள்ளவர்களின் வழக்கம். பிறகு எப்படி இது? பின்சுவரின் அடியில் தொங்கும் காலைப் பொருத்தியிருக்கும் வளையத்துக்குள் விளக்கடித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. பெல்லோஸின் மடிப்புகளுக்கிடையே வெள்ளை வெள்ளையாக வட்டத் தழும்புகள். கொட்டலசு என்ற கடலுயிர் ஒட்டியிருந்து சுரண்டி எடுத்த தடம். ஏரியில் கொட்டலசு ஒட்டாது. இந்தப் படகு எங்கோ கடலில் வருடக்கணக்கில் கிடந்திருக்கிறது. விற்றவர் அதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பழைய படகு வாங்குகிறவர்கள் எஞ்சின் ஓடிய மணியைத்தான் விசாரிக்கிறார்கள். எந்தத் தண்ணீரில் ஓடியது, புகைப்பாகங்களை எந்த வருடம் மாற்றினீர்கள் என்ற இரண்டு கேள்வியும் அதைவிட முக்கியம்.

புகைப்பாதையில் தண்ணீர் திரும்பி வருவதற்கு வேறு வழிகளும் உண்டு. வேகமாகப் போகும் படகைச் சட்டென்று நிறுத்தினால், பின்னால் துரத்திவரும் சொந்த அலை பின்சுவரில் மோதிப் புகைக்குழாய்க்குள் ஏறும். இதைத் தடுக்கத்தான் ரைசரை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி வளைத்திருக்கிறார்கள். குழாய்க்குள் கதவுபோல ஆடும் ரப்பர் தட்டு ஒன்றும் உண்டு. புகை வெளியே போகும்போது அது திறக்கும், தண்ணீர் உள்ளே வரும்போது சாத்தும். ஒரு தடவை எஞ்சின் சூடேறினால் முதலில் கருகுவது இந்தத் தட்டுதான். கருகித் துண்டாகி விழுந்தால் கீழே குழாயை அடைக்கவும் செய்யும். இம்பெல்லர் பிய்ந்து படகு சூடேறியிருந்தால், இம்பெல்லரை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைக்காமல் ரைசர் ஹோஸைக் கழற்றி இந்தத் தட்டையும் பார்த்துவிட வேண்டும். பின் இருக்கையில் பத்துப் பேரை ஏற்றி, ஐஸ்பெட்டியும் வைத்துப் படகின் பின்புறத்தைத் தாழ்த்துகிறவர்கள், ரைசருக்குக் கொடுத்திருந்த உயரத்தைத் தாங்களே குறைக்கிறார்கள்.

இன்னொரு வழி நுட்பமானது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை ஒரே சீராக வெளியே போவதில்லை, துடித்துத் துடித்துப் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையே அழுத்தம் தாழ்ந்து, குழாயில் இருப்பது சற்றே பின்னோக்கி இழுபடும். உள்ளே வரும் வால்வும் வெளியே போகும் வால்வும் ஒரு கணம் சேர்ந்து திறந்திருக்கும் எஞ்சின்களில் இந்த இழுப்பு அதிகம். பந்தயத்துக்காக வால்வு நேரத்தை மாற்றியமைத்த எஞ்சினை அப்படியே படகில் வைப்பவர்கள், கேஸ்கட் சரியாக இருந்தும் பிளக்கில் துரு வருகிறதே என்று குழம்புவார்கள். ரைசரில் தெளிக்கும் ஈரத்தை எஞ்சினே உறிஞ்சிக்கொள்கிறது.

மாற்றும் வேலைக்கு இரண்டு சனி ஞாயிறு ஆயிற்று. தண்ணீரை வெளியேற்றிய அன்றே சிலிண்டர்களுக்குள் எண்ணெய் தெளித்து எஞ்சினைச் சுற்றி வைத்துவிட்டோம். ஈரச் சிலிண்டர் சுவரில் ஒரே நாளில் துரு படரும் என்பதால் இதில் தாமதம் கூடாது. எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் அது பால்விட்ட தேநீர் நிறத்துக்கு வரும். எங்களுடையது அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனாலும் இரண்டு தடவை மாற்றினோம்.

கஷ்டம் போல்ட்டுகளில்தான். துருவேறிய போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறிந்து, மிச்சம் சிலிண்டர் ஹெட்டுக்குள் நின்றுவிடும். துரு இளக்கும் எண்ணெயை முந்திய இரவே விட்டு, காலையில் ஒரு கால் சுற்று இறுக்கி, பிறகு ஒரு கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடியும் எண்ணெய் விட்டு, அப்படியே ஆட்டி ஆட்டி எடுத்தோம். பெரியவர்தான் அதைச் செய்தார். எங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. மேனிஃபோல்ட் ஒவ்வொன்றும் இருபது கிலோ இருக்கும். குனிந்தபடி, கையை நீட்டி, எஞ்சினுக்கும் படகின் பக்கச்சுவருக்கும் நடுவிலிருந்து அதைத் தூக்குவது இடுப்புக்கு நல்லதல்ல, இரண்டு பேர் வேண்டும்.

இடது பக்கம்தான் கசிந்தது, ஆனாலும் இரு பக்கமும் மாற்றினோம். ஒரே நாளில் பொருத்தி, ஒரே தண்ணீரில் ஓடிய இரண்டில் ஒன்று கரிக்கட்டையாகியிருந்தால் மற்றது அதே பாதையில்தான் இருக்கும். வலது பக்கத்தைக் கழற்றியபோது அங்கேயும் கத்தி இறங்கிற்று. பழைய முகத்தை அரத்தால் தேய்த்து மட்டமாக்கிப் புதுக் கேஸ்கட் போடலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. நல்ல இரும்பில் அது சரி. கரியாகிப்போன இரும்பில் எவ்வளவு தேய்த்தாலும் அடியிலும் கரிதான்.

கேஸ்கட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் ரைசர் கேஸ்கட்டுகளில் சிலவற்றில் எல்லாத் தண்ணீர்த் துளைகளும் திறந்திருக்கும், சிலவற்றில் சில துளைகள் வேண்டுமென்றே அடைக்கப்பட்டிருக்கும். எஞ்சினுக்கு ஏரித் தண்ணீர் நேரடியாகப் போகிறதா, அல்லது காரில் இருப்பதுபோல மூடிய சுற்றில் கூலன்ட் ஓடுகிறதா என்பதைப் பொறுத்து எது என்று மாறும். தவறானதைப் போட்டால் ஒன்றும் கசியாது, எல்லாம் பளபளப்பாக இருக்கும், ஆனால் ஒரு பக்க ரைசருக்குத் தண்ணீரே போகாது. பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறியாமல் புதியதன் மேல் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன அளவுக்கு இரண்டு மூன்று கட்டமாக இறுக்க வேண்டும். ஹோஸ் ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளாம்ப்.

பெல்லோஸையும் அப்போதே மாற்றினோம். பின்சுவருக்கு வெளியே இருக்கும் பெல்லோஸில் ஒன்று புகைக்கு, இன்னொன்று எஞ்சினிலிருந்து காலுக்குச் சக்தி கொண்டுபோகும் இணைப்புக்கு. புகை பெல்லோஸ் கிழிந்தால் சத்தம் கூடும், அவ்வளவுதான், அதனால் படகு மூழ்காது. மற்றது கிழிந்தால் படகுக்குள் தண்ணீர் வரும், கட்டிய துறையிலேயே மூழ்கும். இரண்டும் ஒரே வயது, ஒரே ரப்பர். ஒன்றை மாற்றக் காலைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மற்றதை மட்டும் பழையதாக விட்டுவைப்பதில் அர்த்தமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எஞ்சினின் உயிரைப் பற்றியது. புகைப்பாகங்களில் மனித உயிரும் இருக்கிறது. பெட்ரோல் முழுதாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். காற்றில் பத்து லட்சத்தில் 1,200 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வரையறுத்திருக்கிறது. தண்ணீர் புகையைக் குளிர்விக்கும், சத்தத்தை அமுக்கும், இந்த வாயுவை மட்டும் கழுவாது. அது தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும்.

2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் யூட்டா, அரிசோனா எல்லையில் இருக்கும் பவல் ஏரியில், ஒரு படகு வீட்டின் பின்னால் நீந்திக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர், சிறுவர்கள், இறந்துபோனார்கள். முதல் பார்வைக்கு நீரில் மூழ்கிய மரணம். உண்மையில் ஜெனரேட்டரின் புகை, நீந்துகிறவர்கள் ஏறும் பின்தட்டின் அடியில் இருந்த குகைபோன்ற இடத்தில் தேங்கியிருந்தது. நியோஷும் அமெரிக்கக் கடலோரக் காவற்படையும் தேசியப் பூங்காத் துறையும் பழைய பதிவுகளைக் கிளறியபோது, மூழ்கி இறந்ததாக எழுதப்பட்ட வேறு பல மரணங்களும் இந்த வாயுவால் நேர்ந்தவை என்று தெரிந்தது. ஓடும் படகின் பின்தட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இழுபட்டுப் போகும் விளையாட்டை, 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் கலிபோர்னியா தடுத்தது.

ஓடும் படகிலும் தப்ப முடியாது. பின்சுவருக்குப் பின்னால் காற்று சுழன்று முன்னோக்கி மடங்கும். மெதுவாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும் படகில், பின்னால் விட்ட புகை அந்தச் சுழலோடு இருக்கைகளுக்கே திரும்பி வரும். ரைசர் ஹோஸில் வெடிப்பு இருந்தாலோ, மேனிஃபோல்டும் எஞ்சினும் சேரும் கேஸ்கட் ஊதிப்போயிருந்தாலோ, வாயு நேராக எஞ்சின் அறைக்குள் கசிந்து அங்கிருந்து தூங்கும் அறைக்குள் போகும். தலைவலியும் குமட்டலும் வந்தால், வெயிலும் அலையும் சேர்ந்து வந்த மயக்கம் என்று யாரும் நினைப்பார்கள். அறையுள்ள பெட்ரோல் படகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஓர் இரவுகூடத் தூங்கக் கூடாது என்பேன். குழந்தைகள் பின்தட்டில் இருக்கும்போது எஞ்சின் ஓடவே கூடாது.

2010 மாடல் வருடத்திலிருந்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஸ்டெர்ன்டிரைவ் பெட்ரோல் எஞ்சின்களின் புகை மாசுக்குக் கடுமையான அளவு விதித்தது. அதற்காகக் காரில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை மேனிஃபோல்டுக்கும் ரைசருக்கும் நடுவே, தண்ணீர்ச் சட்டைக்குள்ளேயே வைத்தார்கள். கன்வர்ட்டர் நன்றாகச் சூடாக இருந்தால்தான் வேலை செய்யும், அதன் வெளிச்சுவரோ 93 டிகிரியைத் தாண்டாமல் இருக்க வேண்டும். ஒரு துளி உப்புத்தண்ணீர் பின்னோக்கி வந்தாலும் கன்வர்ட்டரும் அதை ஒட்டிய ஆக்சிஜன் சென்சாரும் கெடும். முன்பு எஞ்சினுக்கு மட்டும் எமனாக இருந்த கசிவு இப்போது விலையுயர்ந்த இன்னொரு பொருளுக்கும் எமன்.

புதிய பாகங்களைப் பொருத்திய மறுவாரம் எஞ்சினை ஓடவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியை இரு ரைசர்களின் மேலும் காட்டினேன். இடது பக்கம் 48, வலது பக்கம் 50 டிகிரி. கை வைத்துப் பொறுக்கக்கூடிய சூடு. எண் எவ்வளவு என்பதைவிட இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் தள்ளி ஏறினால் அங்கே தண்ணீர்வழி அடைபடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நண்பர் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் இரு ரைசர்களிலும் மாதமும் வருடமும் எழுதினார். அடுத்து வாங்குகிறவர் கேட்காவிட்டாலும் தெரியும்.

அந்த வருடம் ஒக்டோபரில் படகைக் கரையேற்றினோம். கடல் உப்பால் அரிக்கிறது என்றால் ஒன்ராறியோ பனியால் உடைக்கிறது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். சட்டைக்குள் தண்ணீர் மிஞ்சினால் புதிய மேனிஃபோல்டும் எஞ்சின் பிளாக்கும் வசந்தத்துக்குள் பிளந்திருக்கும். மேனிஃபோல்டின் அடியில் இருக்கும் பித்தளை பிளக்குகளைக் கழற்றினோம், இரு பக்கமும் தண்ணீர் ஓடி நின்றது. பிளாக்கின் வலது பிளக்கைக் கழற்றினோம், ஓடிற்று. இடது பிளக்கைக் கழற்றியபோது ஒரு சொட்டும் வரவில்லை. காலியாகிவிட்டது என்று நண்பர் பிளக்கைத் திரும்பப் பொருத்தப் போனார். பெரியவர் ஒரு வயர் துண்டை நேராக்கி அந்தத் துளைக்குள் விட்டுக் குத்தினார். இரண்டாவது குத்தில் நகத்தளவு துருச் சில்லு ஒன்று கீழே விழுந்தது. அதன் பின்னால் பழுப்புத் தண்ணீர் பெருவிரல் தடிப்பில் கொட்டத் தொடங்கி, அடியில் வைத்த வாளியில் இரண்டு லிட்டருக்கு மேல் நிறைந்து நின்றது.